நீலப் பாண்டக் கலைஞரின் தொழிற்கூடம்

மண்பாண்டத் தொழில் என்றவுடன் நம் மனக்கண் முன் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றேயாகும். ஒரு வேப்பமர நிழல், சுழலும் திகிரி, அதன் முன் குந்தியிருக்கும் வேளார், பக்கத்தில் பிசைந்து வைத்த களிமண். இத்தொழிலுக்குத் தனியாக ஒரு கட்டடம் எதற்கு, அதற்கு வரைபடம் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். வெறும் பானைக்கும் சட்டிக்கும் அதிகம் வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் களிமண்ணே இல்லாமல் செய்யப்படும் பாண்டம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதைச் செய்யும் கலைஞரின் தொழிற்கூடம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது அவருடைய கலையை மட்டுமன்றி அவருடைய மூச்சையும் பொறுத்த விஷயமாகும். அதனைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

எனக்கும் இத்தொழிலுக்கும் நேர்த்தொடர்பு ஏதுமில்லை. நான் மொழிபெயர்ப்பாளன், காகிதத்தோடு வாழ்பவன். சில ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் நலம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கியபோது, “பொடி கலக்கும் வேலையை நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் செய்க” என்று ஒரு வாக்கியம் எழுதினேன். மூலத்துக்குப் பழுதில்லாத வாக்கியம் அது. இலக்கணப் பிழையும் இல்லை. அந்த வாக்கியம் எவ்வளவு குறையுடையது என்பதைப் பின்னர் ஜெய்ப்பூரில் ஒரு முதிய கலைஞர் எனக்குக் கற்பித்தார்.

நடந்தது இது. என் தமக்கை மகன் கட்டடக் கலை பயின்றவன். ஜெய்ப்பூரைச் சேர்ந்த நீலப் பாண்ட ஆசான் ஒருவர் தம் வீட்டை ஒட்டிய மனையில் புதிய தொழிற்கூடம் எழுப்ப எண்ணி, அதற்கு வரைபடம் தருமாறு அவனிடம் கேட்டிருந்தார். அவனுக்கோ இந்தி அரைகுறை. “மாமா, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள், அவர் பேசுவதை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும்” என்று அழைத்தான். தில்லியிலிருந்து சில மணி நேரப் பயணந்தானே என்று நானும் இசைந்தேன்.

முதலில் இந்தப் பாண்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். வெண்மையான பரப்பில் கடல் நீலமும் மயில் பச்சையும் கலந்த பூக்களும் கொடிகளும் பறவைகளும் தீட்டப்பட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசப்பட்ட குடங்களையும் தட்டுகளையும் ஓடுகளையும் கண்காட்சிகளில் நேயர்கள் பார்த்திருக்கலாம். பாரசீகத்திலிருந்து பல கைகள் மாறி வடஇந்தியாவுக்கு வந்த கலை இது. ஜெய்ப்பூரை 1835 முதல் 1880 வரை ஆண்ட இரண்டாம் ராம்சிங் மகாராஜாவின் காலத்தில் அந்நகரில் வேரூன்றியது. காற்றாடிப் போட்டியொன்றில் அரண்மனைக் காற்றாடிகளையெல்லாம் இரண்டு சகோதரர்கள் அறுத்து வீழ்த்தினார்களாம். தங்கள் நூலில் பாண்டங்களுக்கு அரைக்கும் கண்ணாடிப் பொடியைத் தடவியிருந்ததே காரணம் என்றறிந்த மன்னர், அவர்களை அழைத்துத் தம் கலைப்பள்ளியில் அமர்த்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கலை ஏறத்தாழ அழிந்தே போயிற்று. கமலாதேவி சட்டோபாத்யாயரும் ஜெய்ப்பூர் அரசி காயத்ரி தேவியும் ஊக்கமளிக்க, சாந்திநிகேதனத்திலும் ஜப்பானிலும் பயின்ற ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத் 1960களில் இதற்கு மறுவாழ்வு தந்தார். 1974இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2008இல் காலமானார். இன்று ஜெய்ப்பூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பல குடும்பங்கள் இத்தொழிலைச் செய்து வருகின்றன.

இதில் களிமண் இல்லை என்றேனல்லவா? நம் ஊர்ப் பக்கங்களில் வெங்கச்சங்கல் என்று வழங்கும் வெண்ணிறப் படிகக்கல்லை மாவாக அரைத்த பொடியே இதன் உடல். அதனோடு கண்ணாடிப் பொடியும், சிறிதளவு முல்தானி மட்டியும், கதீரா என்னும் பிசினும், சோடா உப்பும் சேர்த்துப் பிசைகிறார்கள். பண்டை எகிப்தியர் தம் நீல மணிகளையும் சிறு பதுமைகளையும் செய்ததும் இதே இனத்தைச் சேர்ந்த கலவையால்தான். களிமண்ணுக்கு உள்ள நெகிழ்ச்சி இந்த மாவுக்குக் கிடையாது. திகிரியில் ஏற்றி இழுத்தால் கிழிந்துவிடும். ஆகவே சப்பாத்தி போல் தட்டி, பிளாஸ்டர் அச்சில் படிய வைத்து, வடிவம் குலையாதிருக்க உள்ளே சாம்பலை நிரப்பிக் கவிழ்க்கிறார்கள். காய்ந்த பின்பு சாம்பலை நீக்கி, பாகங்களை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, மைதா கலந்த வெள்ளைக் குழம்பில் தோய்க்கிறார்கள். அதன்மேல் கோபால்ட் ஆக்ஸைடால் நீலமும் தாமிர ஆக்ஸைடால் பச்சை நீலமும் தீட்டி, மெருகுக் குழம்பைப் பூசிச் சூளையில் வைக்கிறார்கள். ஏறக்குறைய 800 முதல் 850 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் ஒரே ஒரு முறைதான் சுடுவது. மற்றப் பீங்கான் வகைகளில் முதலில் ஒருமுறை சுட்டுக் கெட்டியாக்கி, பின்பு மெருகிட்டு மறுபடியும் சுடுவதுண்டு. இங்கே அந்த முதற்சூடு இல்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்கூடத்தின் அமைப்பில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்து பிறக்கிறது.

என் மருமகன் முன்கூட்டியே ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தான். அழகான படம். நாற்பதடி நீளமுள்ள ஒரே கூடம். இருபுறமும் பெரிய சாளரங்கள். மேலே வரிசையாக மின்விசிறிகள். நடுவே நீண்ட மேசைகள். ஓர் ஓரத்தில் சூளை. கலைஞர் அதை நெடுநேரம் பார்த்தார். “கூடம் நன்றாக இருக்கிறது, பாபுஜி. இங்கே காற்று வருமா?” என்று என்னிடம் கேட்டார். “தாராளமாக வரும், அதற்காகத்தானே இத்தனை சாளரங்கள்!” என்றேன், மருமகனின் சார்பில். அவர் சிரித்துக்கொண்டே, “எந்தக் காற்று?” என்றார்.

அந்தக் கேள்வியின் பொருளை அவர் விளக்கத் தொடங்கியபோது, நடுவில் இருமல் வந்து பேச்சை மறித்தது. இருமல் ஓய்ந்ததும் அவர் சொன்னதன் சாரம் இது. பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு திட்டத்தின் கீழ் பல கலைஞர்களுக்குப் பொதுவாக ஒரு கொட்டகை கட்டித் தந்தார்கள். மேற்பார்வையாளர் ஓரிடத்தில் அமர்ந்தபடியே எல்லோரையும் பார்க்கலாம். அவ்வளவு திறந்த கூடம். முதல் வாரத்திலேயே அச்சிலிருந்து எடுத்த குடங்கள் விரியத் தொடங்கின. விசிறிக் காற்று பட்ட பக்கம் விரைவில் உலர்ந்து சுருங்க, படாத பக்கம் ஈரமாகவே நின்றதால் வந்த வினை. விசிறியை நிறுத்தினால் குடங்கள் பிழைத்தன. ஆனால் கூடத்தின் ஒரு கோடியில் கொட்டிய பொடி எல்லோர் மூக்கிலும் ஏறியது. விசிறியைச் சுழலவிட்டாலோ அந்தப் பொடி எழுந்து ஈரச்சித்திரத்தின் மேலும் படிந்தது. அடுத்த ஆண்டே அவர் தம் வீட்டுத் தாழ்வாரத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஆக, ஒரே தொழிலுக்குள் பகைத்து நிற்கும் தேவைகள் இருக்கின்றன. தூசுக்குக் காற்று ஓட வேண்டும். ஈரப் பாண்டத்துக்குக் காற்று அசையவே கூடாது. சித்திரத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். சூளைக்குத் தொலைவு வேண்டும், ஆனால் அதற்குச் செல்லும் வழி குறுகியதாக இருக்க வேண்டும். இவற்றை ஒரே கூரையின் கீழ் ஒரே அறையில் சமாதானப்படுத்த முடியாது. என் கையேட்டிலிருந்த “நல்ல காற்றோட்டமுள்ள இடம்” என்ற தொடர் அப்போது என் நினைவுக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தூசு. படிகக்கல் என்பது சிலிக்கா. அதன் பொடியில் நம் கண்ணுக்குத் தெரிவது தீங்கில் குறைந்தது. அது விரைவில் தரையில் விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் நுண்ணிய துகள்களே நுரையீரலின் அடிவரை செல்பவை. மிக நுண்ணியவை அசையாத காற்றில்கூட மணிக்கணக்கில் மிதக்கும். “பொடி கலந்து முடித்தாயிற்று, இனி உட்கார்ந்து சாப்பிடலாம்” என்று எண்ணும் நேரத்தில், உண்மையில் அறை முழுவதும் அது நிறைந்திருக்கும். உள்ளே சென்ற துகளை நுரையீரலால் கரைக்க இயலாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. தழும்பு பெருகப் பெருக மூச்சு குறைகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். வந்த தழும்பை நீக்கும் மருந்து இல்லை. வராமல் காப்பதே வழி. 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், தொழிலிடங்களில் மூச்சுடன் செல்லும் இப்படிகத்தூசைப் புற்றுநோய் விளைப்பதென்று உறுதியான பொருள்களின் வகையில் சேர்த்தது.

இந்நோய் நமக்குப் புதியதன்று. நம் நாட்டில் இது முதன்முதல் 1934இல் கோலார் தங்கவயலில் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்று அச்சுரங்கங்களில் உழைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸையும் ஈய நஞ்சையும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாக வகுத்தது. ஆயினும் அச்சட்டம் தொழிற்சாலை என்று பொதுவாகக் கொண்டது, மின்விசையோடு 10 பேரோ, விசையின்றி 20 பேரோ வேலை செய்யும் இடத்தைத்தான். தம் வீட்டில் மனைவி மக்களோடும் இரண்டொரு சீடர்களோடும் உழைக்கும் கலைஞர் அந்த வரம்புக்கு வெளியே நின்றார். ராஜஸ்தான் அரசு 2019இல் இத்தகைய தூசு நோய்களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. கற்சுரங்கங்களும் கல் செதுக்கும் தொழிலும் மிகுந்த மாநிலமாதலால் அங்கே அதற்குத் தேவை இருந்தது. எனினும் சட்டமும் கொள்கையும் நோயை அறிவிக்கலாம், உதவித்தொகை தரலாம். சுவரை எங்கே எழுப்புவது என்பதை யாராவது உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

அன்று மாலை நாங்கள் மூவரும் மனையிலேயே அமர்ந்து, மணலில் குச்சியால் கோடிட்டு யோசித்தோம். காகிதப் படம் சுருட்டி வைக்கப்பட்டது.

ஜெய்ப்பூரில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மேற்கிலிருந்தும் அதன் இருமருங்கிலிருந்தும் வீசுவது. ஆகவே பொடியறை கிழக்குக் கோடியில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குச் சந்துப்பக்கம் தனிவாயில். மூட்டைகள் அவ்வழியாகவே வரும், மற்ற அறைகளைக் கடந்து செல்லா. பொடியறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே கூரை வரை எழும் முழுச்சுவர். முதற்படத்தில் இதைத் தோளளவு தட்டியாக வரைந்திருந்தான் என் மருமகன். தட்டி கண்ணை மறைக்கும், தூசை மறைக்காது. பொடியைச் சலிப்பது மூடியிட்ட பெட்டிக்குள்ளே. பிசைவதற்கு முதலில் தொட்டியில் நீரும் பிசினும் வார்த்து, அதன் பின்பே பொடியை மெல்ல இறக்குவது. நனைந்த பொடி பறப்பதில்லை. உலர்ந்த துடைப்பத்துக்கு அந்த அறையில் இடமே இல்லை. துடைப்பம் தூசைப் போக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. மிக நுண்ணியதை மட்டும் பொறுக்கி மூக்கின் உயரத்துக்கு எழுப்பிவிடுகிறது. எனவே தரை வழவழப்பான சிமெண்டாகவும், ஒரு பக்கம் சரிந்து நீர் வடிவதாகவும் இருக்க வேண்டும். சுவரில் மாடமோ விளிம்போ கூடாது. நாள்தோறும் மாலையில் கழுவிவிடுவதே சுத்தம்.

இரண்டாவது தூசு இதனினும் வஞ்சகமானது. காய்ந்த பாண்டத்தை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்க்கும்போது எழுவது அது. பொடி கலப்பது சில மணி நேர வேலை. தேய்ப்பது நாள் முழுவதும் நடப்பது. முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் நடப்பது. இதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் முற்றத்தில் பேசிக்கொண்டே செய்கிறார்கள். நனைத்துத் தேய்க்கலாமே என்று கேட்டேன். சுடாத பாண்டம் நீர் பட்டால் இளகிவிடும் என்றார் கலைஞர். ஆகவே தேய்க்கும் பலகைக்கு எதிரே, கையின் மட்டத்தில் தூசை வெளியே இழுக்கும் ஒரு விசிறி வைத்து, அது தள்ளும் காற்று சந்தில் குழந்தைகள் ஆடும் இடத்துக்குப் போகாதபடி ஒரு தூசு வடிகட்டும் பையின் வழியே விடுவதென்று தீர்மானித்தோம். அமரும் திசையிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்தால் தூசு முன்னே போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் உடலைச் சுற்றி வரும் காற்று மார்புக்கு முன்னே சுழித்துத் திரும்பித் தூசை முகத்துக்கே ஏற்றுகிறது. காற்று பக்கவாட்டிலிருந்து வருமாறு அமர்வதே நல்லது. முகத்தில் கட்டும் துண்டைப் பற்றியும் கலைஞர் கேட்டார். நுண்ணிய துகளுக்குத் துண்டின் இழை வாயில் திறந்த கதவைப் போன்றது. தகுந்த வடிகட்டியுள்ள முகமூடிதான் ஓரளவு உதவும். அதுவும் சுவருக்கும் நீருக்கும் அடுத்த காவலே.

அடுத்து மெருகு. கண்ணாடி, வெண்காரம் முதலியவற்றோடு ஈயச் செந்தூரத்தையும் சேர்த்து உருக்கிப் பொடித்து, ஒட்டுவதற்காக மைதாவும் நீரும் கலந்து குழம்பாக்குவது மரபான முறை. ஈயமில்லாத மெருகை இப்போது சிலர் கையாண்டு வருகிறார்கள், எல்லோரும் அல்லர். இங்கே ஒரு விபரீதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். ரொட்டி செய்யும் வீட்டில் மெருகுக்கும் மாவு! கரண்டியும் சல்லடையும் வாளியும் அடுக்களைக்கும் பட்டறைக்கும் இடையே கைமாறுவது எவ்வளவு எளிது! ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளை விரைந்து தாக்கும். அவர்களுடைய அறிவு வளர்ச்சியையே குன்றச் செய்யும். மெருகு அறையை அடுக்களைக்கு எதிர்க்கோடியில் வைத்து, அதற்கென்றே மாவுப் பெட்டியும் பாத்திரங்களும் சிவப்புப் பட்டையிட்டு ஒதுக்கிவிடும்படி சொன்னோம். கைகழுவும் குழாயை அறையின் வாயிலிலேயே வைத்தோம். உள்ளே வைத்தால் யாரும் வெளியேறும்போது நினைப்பதில்லை. கழுவிய நீர் மூன்று குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கி, வண்டல் அடியில் படிந்த பின்பே வெளியேறும். அந்த வண்டலைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது. வேலையுடையை மாட்ட ஓர் ஆணியும், குளிக்க ஒரு மறைப்பும் வீட்டு வாயிலுக்கு முன்னதாகவே அமைந்தன. தாத்தாவின் மடியில் ஏறும் பேரக் குழந்தைக்கு அந்த ஆணி எவ்வளவு பெரிய நன்மை என்பதை விளக்கியபோது, கலைஞரின் மனைவியார் உள்ளிருந்தே, “அதை இரண்டு ஆணியாக அடியுங்கள்” என்றார். தேய்க்கும் வேலை அவருடையது.

காய வைக்கும் அறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. தடித்த சுவர், சிறிய உயர்ந்த திறப்புகள், விசிறி கிடையாது. கற்பலகைத் தட்டுகள் மூன்று புறமும். தட்டுப் பலகையின் நீளம் ஒருவர் இரு கையாலும் தூக்கித் திரும்பக்கூடிய அளவாகவும், நடைவழியின் அகலம் அந்தப் பலகையோடு அவர் திரும்பக்கூடிய அளவாகவும் இருந்தால் போதும். மழைமாதங்களில் இங்கே எதுவும் சரியாகக் காயாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பல பட்டறைகளில் வேலை தளர்ந்துவிடுகிறது. அந்நாட்களுக்காக, சூளையின் பின்சுவரை ஒட்டி ஒரு சிறு வெப்ப அறை கேட்டார் கலைஞர். ஆறும் சூளையின் சூடு வீணாகாமல் அங்கே மெல்லப் பரவும்.

சித்திரம் தீட்டும் இடத்துக்கு வந்தபோதுதான் கலைஞரின் முகம் மலர்ந்தது. வெளிச்சம் வடக்கிலிருந்து வர வேண்டும். ஓவியர்கள் எல்லோரும் அறிந்ததே இது. வடக்கு வெளிச்சம் நாள் முழுவதும் நிறம் மாறாது, நிழல் ஓடாது. இத்தொழிலில் அதற்குத் தனித்தேவையும் உண்டு. கோபால்ட் கலவை தீட்டும்போது நீலமாக இராது. கருமை படிந்த மங்கல் நிறமாக இருக்கும். சூளையிலிருந்து வரும்போதுதான் நீலமாகிறது. ஆகவே கலைஞர் கண்ணால் காண்பது நிறத்தையல்ல. தூரிகை விட்ட பூச்சின் கனத்தை. கனமான இடம் கருநீலமாகும், மெல்லிய இடம் வானிறமாகும். வெளிச்சம் மாறினால் அந்தக் கணக்குத் தவறிவிடும். கோடையில் காலையும் மாலையும் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து வடசாளரத்திலும் எட்டிப் பார்க்குமாதலால், சாளரத்தின் இரு பக்கமும் ஓரடி நீட்டிய கல்மறைப்புகளைச் சேர்த்தான் என் மருமகன். இது அவனாகக் கண்டது, கலைஞரும் மெச்சினார்.

மேசைகள் வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அறுபது ஆண்டுகளாகச் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு முழங்காலில் முழங்கையை ஊன்றித் தீட்டிய கை அது. நாற்காலியில் அமர்த்தினால் ஊன்றுகோல் பறிபோன கதையாகிவிடும். ஆனால் தரையில் அமர்ந்தால் ஒவ்வொரு பாண்டத்துக்கும் யாராவது குனிந்து நிமிர வேண்டியிருக்கிறது. அவருக்கோ எழுவதே சிரமம். இதற்கு நம் ஊர்த் திண்ணைதான் எனக்கு நினைவு வந்தது. வடநாட்டிலும் சபூத்ரா என்று அதற்கு ஒப்பான மேடை உண்டு. இரண்டடி உயரமுள்ள ஒரு திண்ணையைச் சாளரத்தின் கீழ் கட்டினால், கலைஞர் சம்மணமிட்டு அமரலாம். வேண்டும்போது காலைத் தொங்கவிடலாம். எழும்போது தரையிலிருந்து எழ வேண்டியதில்லை. உதவுபவர் நின்றபடியே பாண்டத்தைக் கொடுத்து வாங்கலாம். மொழிபெயர்ப்பாளனின் பங்காக அந்தக் கட்டடத்தில் இருப்பது அது ஒன்றே.

கைவினை ஆசான்கள் தம் உடம்பின் பழக்கத்தை விட்டுக்கொடுக்காதது பிடிவாதம் என்று சில அதிகாரிகள் கருதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற பாண்டக் கலைஞர் ஹமாதா ஷோஜி, இங்கிலாந்தின் செயிண்ட் ஐவ்ஸ் நகரில் பெர்னார்ட் லீச் என்பவருடன் 1920இல் ஒரு பட்டறை நிறுவ உதவிவிட்டு, பின்பு தம் நாட்டின் மாஷிகோ என்னும் கிராமத்தில் குடியேறினார். மேனாட்டு முறைகளையெல்லாம் கண்டறிந்த அவர், கடைசிவரை குச்சியால் சுழற்றும் கைத்திகிரியின் முன் அமர்ந்தே வனைந்தார். 1955இல் அந்நாட்டு அரசு அவரை உயிருள்ள தேசியச் செல்வங்களுள் ஒருவராகப் போற்றியது. நாற்காலிக்கு மாறும்படி கேட்கவில்லை.

கடைசியாகச் சூளை. இங்கேதான் அந்த ஒற்றைச்சூட்டுச் செய்தி மறுபடியும் வருகிறது. சித்திரம் தீட்டி மெருகு பூசிய பாண்டம் சூளைக்குப் போகும்போது, அது இன்னும் சுடாத பச்சைப் பொருள். பல நாள் உழைப்பு முழுவதும் அதன்மேல் மாவுப்பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் நழுவினால் பூவின் இதழ் போய்விடும், ஒரு படி தடுக்கினால் குடமே போய்விடும். ஆகவே சூளை அருகில் இருக்க வேண்டும். ஆனால் விறகின் புகையும் வெப்பமும் சித்திர அறைக்கு ஆகா. ஆகவே தொலைவில் இருக்க வேண்டும். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அரைநாள் பிடித்தது. முடிவில் மனையின் தென்கிழக்கு மூலையில் சூளை. அங்கிருந்து சித்திர அறைவரை பதினெட்டடி நீளத்தில் கூரையிட்ட ஒரு நடை. அதில் படியோ வாயிற்குறடோ திருப்பமோ கிடையாது. இரண்டு தரைகளும் ஒரே மட்டம். மழைநீர் உள்ளே வராதிருக்க நடையின் இருபுறமும் பள்ளம் வெட்டினால் போதும். மேற்குக் காற்று புகையைச் சந்துக்கு அப்பாலுள்ள வெற்றிடத்துக்குக் கொண்டு போய்விடும். சுட்ட பின்பு இரண்டு மூன்று நாள் சூளையைத் திறக்காமல் ஆறவிட வேண்டுமாதலால், கலைஞர் அதன் கதவுக்கு ஒரு பூட்டும் கேட்டார். பூட்டு எதற்கு என்றேன். “சீடர்களுக்காக அல்ல, எனக்காக. முதல்நாளே திறந்து பார்க்கும் ஆசை இன்னும் போகவில்லை” என்றார்.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தபோது, திண்ணையை இன்னும் சற்று நீட்ட முடியுமா என்று அவர் கேட்டார். எந்தப் பக்கம் என்றான் மருமகன். “இடப்பக்கம். நான் வலக்கையால் தீட்டுகிறேன். வலப்பக்கம் அமரும் பையனுக்கு என் முழங்கைதான் தெரியும், இடப்பக்கம் அமர்பவனுக்குத் தூரிகையின் நுனி தெரியும்” என்றார். இரண்டு பேர் அமரும்படி இடப்பக்கம் நான்கடி கூட்டினோம். அதற்காக அங்கே வைக்க எண்ணியிருந்த அலமாரி வேறிடம் போயிற்று.